தங்கச்சியின் வலிப்புக் குளிசையை எப்போது நிறுத்தலாம்?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம். தங்கச்சிக்கு 19 வயது. ஒன்றரை வருஷத்துக்கு முன், உயர்தரப் பரீட்சைக்காக இராவிராவாகக் கண்விழித்த கிழமையில், ஒருநாள் விடிந்ததும் முதல் வலிப்பு. நாலு மாதம் கழித்து இரண்டாவது. அதற்குப் பிறகு கிளினிக்கில் கார்பமசெபின் 200 மி.கி. காலை ஒன்று, இரவு ஒன்று. எட்டு மாதத்துக்கு முன் மழையில் வீதி அடைபட்டு மூன்று நாள் குளிசை இல்லாமல் போனபோது ஒரு தடவை வந்தது, பிறகு இல்லை. "காலையில மட்டும் கை கொஞ்சம் வெட்டும், தேத்தண்ணிக் கோப்பை ரெண்டு மூணு தரம் கைதவறி விழுந்திருக்கு, அது பயத்துல வாற நடுக்கம்" என்றும் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எட்டு மாதம் நல்லாத்தானே இருக்கிறாள், நிறுத்தினால் என்ன, இல்லாவிட்டால் ஆயுள் முழுக்கக் குடிக்க வேண்டியதா, கலியாணம் பேசலாமா என்பவை வீட்டார் கேட்பவை.

இப்போது நிறுத்தக் கூடாது. கலியாணம் தாராளமாகப் பேசலாம். எவ்வளவு காலம் என்பதற்கு எல்லோருக்கும் பொதுவான ஒரு விடை கிடையாது. வந்திருப்பது எந்த வகை வலிப்பு என்று தெரிந்தால்தான் அதைச் சொல்ல முடியும். அந்த வகையைக் காட்டிக்கொடுக்கும் தடயம் நீங்கள் எழுதிய அந்தத் தேத்தண்ணிக் கோப்பையில் இருக்கலாம். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பெரும்பாலும் 12 வயதுக்கும் 18 வயதுக்கும் இடையில் தலைகாட்டும் ஒரு வலிப்பு வகை உண்டு. படுக்கையை விட்டு எழுந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள், நினைவு தெளிவாக இருக்கும்போதே, தோளும் கையும் திடீரென்று ஒரு வெட்டு வெட்டும். கண் இமைக்கும் நேரம்தான். கையில் இருப்பது சீப்பானாலும் பல் தூரிகையானாலும் கோப்பையானாலும் தெறித்து விழும். முதல்நாள் இரவு சரியாகத் தூங்காவிட்டால் வெட்டு கூடும். பயத்தில் வரும் நடுக்கம் விடாமல் கிடுகிடுவென்று இருக்கும். இது அப்படியல்ல, மின்சாரம் தாக்கியதுபோல ஒரு உதறல், பிறகு ஒன்றுமில்லை, கொஞ்ச நேரத்தில் இன்னொரு உதறல். பிள்ளைகள் இதை நோய் என்று நினைப்பதில்லை, "கவனமில்லாமல் கோப்பையை உடைக்கிறாள்" என்று ஏச்சு வாங்கிக்கொண்டு சும்மா இருப்பார்கள். பெரிய வலிப்பு ஒன்று வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள், அங்கேயும் கேட்டால் ஒழிய இதைச் சொல்ல மாட்டார்கள். இளம்பருவத் தசைவெட்டு வலிப்பு என்று இதைச் சொல்லலாம். வலிப்பு நோயாளர் நூறு பேரில் ஐந்திலிருந்து பத்துப் பேருக்கு இருப்பது இந்த வகைதான்.

இது ஏன் முக்கியம் என்றால், கார்பமசெபின் இந்த வகைக்கு ஏற்ற மருந்தல்ல. பெரிய வலிப்பை ஓரளவு அடக்கினாலும் காலை வெட்டுகளைக் கூட்டிவிடக்கூடும். பெனிடோயின் என்ற வலிப்பு மருந்துக்கும் இதே குறை உண்டு. மூளையின் ஒரு பக்கத்தில் தொடங்கும் வலிப்புக்கோ கார்பமசெபின் நல்ல மருந்து. மருந்தில் பிழை கிடையாது, ஆளுக்குப் பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி. நேரில் பார்க்காமல் தங்கச்சிக்கு இதுதான் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்காமல், முன்கூட்டியே போய் இதைச் சொல்ல வேண்டும். போவதற்கு முன் நாலைந்து நாள் காலையில், அவள் எழுந்து பல் துலக்கித் தேத்தண்ணி குடித்து முடிக்கும் வரை போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். "கை வெட்டுது" என்று வாயால் சொல்வதைவிட அரை நிமிஷ வீடியோ வைத்தியருக்கு அதிகம் சொல்லும். அதுவரை இப்போதைய குளிசையை நீங்களாகக் குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். மாற்றுவதென்றால், புதியதை ஏற்றிக்கொண்டே பழையதைப் படிப்படியாக இறக்குவார்கள்.

மூளை மின்பதிவு, அதாவது ஈ.ஈ.ஜி., எடுக்கச் சொல்வார்கள். முதல் தடவை எடுத்ததில் ஒன்றும் தெரியவில்லை என்றால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் பதிவு சுத்தமாகவே வரும். முதல்நாள் இரவு குறைவாகத் தூங்கவிட்டு மறுநாள் எடுக்கும் பதிவில் பிடிபடும் வாய்ப்புக் கூடுதல். அப்படிக் கண்விழிக்கச் சொன்னால் வைத்தியர் சொன்ன அளவுக்கு மட்டும் விழிக்கட்டும், பஸ்ஸில் தனியாக அனுப்ப வேண்டாம்.

இனி மருந்து என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம். மூளை நரம்புகள் ஒன்றுக்கொன்று மின்னூட்டத்தால் பேசிக்கொள்கின்றன. வலிப்பில் ஒரு கூட்டம் நரம்புகள் ஒரே நேரத்தில் கட்டுமீறித் துடிக்கின்றன. குளிசை அந்தத் துடிப்பு பரவாமல் அமுக்கிப் பிடிக்கிறது, வேரைப் பிடுங்குவதில்லை. அதனால்தான் "எட்டு மாதம் வரவில்லை" என்பது மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அடையாளமே தவிர, நோய் போய்விட்டது என்பதற்கு அடையாளம் ஆகாது. கார்பமசெபின் பழகிய உடம்பில் 12 முதல் 17 மணி நேரத்துக்கு ஒரு தடவை இரத்தத்தில் உள்ள அளவு பாதியாகும். மூன்று நாள் இல்லையென்றால் மிச்சம் ஒன்றும் இருக்காது. அந்த மூன்று நாளில் வலிப்பு வந்ததில் வியப்பில்லை. அமுக்கி வைத்திருந்ததைத் திடீரென்று விடும்போது முன்பைவிட வேகமாக வருவதும், ஒன்று ஓயுமுன் அடுத்தது வருவதும் உண்டு.

குளிசையை எங்கே வைக்கிறீர்கள் என்று பாருங்கள். இதை யாரும் கேட்பதில்லை, ஆனால் நம் ஊரில் கேட்டே ஆக வேண்டும். கார்பமசெபின் ஈரத்தை உறிஞ்சினால் குளிசை கல்லாக இறுகிவிடும், வயிற்றில் சரியாகக் கரையாது, பலன் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைந்துபோகும். ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலும் கடதாசி உறையில் எண்ணிப் போட்டுத் தருவார்கள். மூடுபனி உள்ளே வரும் லயத்துக் காம்பராவில், அடுப்பு ஆவி படும் தட்டில், அந்த உறை ஒரு மாதம் கிடந்தால் என்ன ஆகும்? குளிசைகள் குறையாமல் குடித்தும் வலிப்பு வரும். இறுக்கமாக மூடும் சின்னப் போத்தலில், அடுப்பிலிருந்து தள்ளி, பெட்டகத்திலோ அலுமாரியிலோ வையுங்கள். சோடியம் வல்ப்ரோயேட் என்ற இன்னொரு வலிப்பு மருந்தும் ஈரத்தில் பிசுபிசுத்துப்போகும். அது தகட்டில் கிடைத்தால் குடிக்கும் நேரம் வரை தகட்டிலிருந்து பிரிக்காதீர்கள்.

மருந்துகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. கார்பமசெபின் நாளுக்கு 100 முதல் 400 மி.கி.யில் தொடங்கி, பெரியவர்களுக்கு வழமையாக 800 முதல் 1200 வரை போகும். தங்கச்சி குடிக்கும் 400 தொடக்க அளவுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. முதல் சில கிழமைகளில் ஈரல் தன்னைத் தானே பழக்கிக்கொண்டு இந்த மருந்தை வேகமாக எரிக்கத் தொடங்கும், அதனால்தான் அளவைக் கூட்டுகிறார்கள். தலைச்சுற்றும் பார்வை இரண்டாகத் தெரிவதும் அளவு மீறியதற்கு அடையாளம். முதல் இரண்டு மாதத்துக்குள் உடம்பில் தடிப்பு, வாயில் புண், கண் சிவப்பு, காய்ச்சல் சேர்ந்து வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தோல் உரிந்து உயிருக்கே ஆபத்தாகும் ஒவ்வாமை அப்படித்தான் தொடங்கும். லாமோட்ரிஜின் என்ற வலிப்பு மருந்துக்கும் பெனிடோயினுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

லாமோட்ரிஜினை அதனாலேயே மிக மெதுவாக ஏற்றுவார்கள். தனியாகக் கொடுக்கும்போது முதல் இரண்டு கிழமை நாளுக்கு 25 மி.கி., அடுத்த இரண்டு கிழமை 50, பிறகு மேலே. வல்ப்ரோயேட்டும் சேர்ந்து போகிறதென்றால் அதிலும் பாதி வேகம், தொடக்கம் ஒருநாள் விட்டு ஒருநாள் 25. "இவ்வளவு சின்ன அளவா, வேகமாக ஏற்றினால் என்ன" என்று அவசரப்பட வேண்டாம். ஐந்து நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவில் தொடரக் கூடாது, திரும்ப 25இலிருந்து ஏற வேண்டும். அதை வைத்தியரிடம் கேட்டுச் செய்ய வேண்டும்.

பெனிடோயின் பழைய மருந்து, மலிவானது, நாளுக்கு ஒரு தடவை போதும். அதில் ஒரு பொறி இருக்கிறது. ஒரு கட்டத்துக்கு மேல் ஈரலின் எரிக்கும் திறன் நிரம்பிவிடும். அதன் பிறகு 50 மி.கி. மட்டும் கூட்டினாலும் இரத்தத்தில் அளவு எக்கச்சக்கமாக ஏறி, ஆள் வெறித்தவர்போலத் தள்ளாடத் தொடங்குவார். "ஒன்று கூடப் போட்டுப் பார்ப்போம்" என்று வீட்டில் முடிவெடுக்கவே கூடாத மருந்து. முரசு தடித்து வளர்வதும் இதனால்தான். காலை இரவு இரண்டு நேரமும் பல் துலக்கினால் அது குறையும். பீனோபார்பிட்டோன் அதைவிடப் பழையது, தூக்கத்தையும் மந்தத்தையும் தரும். ஆனாலும் வேறு வழியில்லாத இடத்தில் இன்றும் உயிர் காக்கிறது. லெவெட்டிரசெட்டம் வேகமாக ஏற்றலாம், மற்ற மருந்துகளோடு மோதுவது குறைவு, காலை வெட்டுகளுக்கும் வேலை செய்யும். சிலருக்குக் கோபத்தையும் மனச்சோர்வையும் கிளப்பும். சாதுவான பிள்ளை திடீரென்று எரிந்து விழுந்தால், தனியாக அழுதால், அது மருந்தாகவும் இருக்கலாம், ஏசாமல் கிளினிக்கில் சொல்லுங்கள்.

சோடியம் வல்ப்ரோயேட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இளம்பருவத் தசைவெட்டு வலிப்புக்கு அதைப்போல வேலை செய்யும் மருந்து இல்லை என்று சொல்லலாம். ஆண்பிள்ளையாக இருந்தால் பெரும்பாலும் அதைத்தான் முதலில் எழுதுவார்கள். பிள்ளை பெறும் வயதுப் பெண்ணுக்கு அதைத் தவிர்க்க வேண்டும். கர்ப்பத்தில் இந்த மருந்து இருந்தால் பத்தில் ஒரு குழந்தைக்கு முதுகுத்தண்டு, இதயம், உதடு போன்றவற்றில் பிறவிக் குறை வரும். நூற்றுக்கு 30 முதல் 40 குழந்தைகளுக்குப் பேச்சிலோ படிப்பிலோ வளர்ச்சி பிந்தும். அதனால் தங்கச்சிக்கு வகை இதுதான் என்று உறுதியானால், லெவெட்டிரசெட்டம்போல வேறொன்று பொருந்துமா என்று வைத்தியரிடம் நேராகக் கேளுங்கள். வேறெதுவும் அடக்காமல் வல்ப்ரோயேட்தான் என்று வந்தால், நம்பகமான குடும்பக் கட்டுப்பாடு கட்டாயம் கூடவே இருக்க வேண்டும்.

நாள்பட்ட நிலை எப்படி இருக்கும்? பலர் நினைப்பதைவிட நல்லது. சரியான மருந்தைச் சரியாகக் குடித்தால் வலிப்பு உள்ளவர்களில் நூற்றுக்கு 70 பேர் அளவுக்கு வலிப்பில்லாமல் வாழ முடியும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கிளாஸ்கோ நகரில் செய்து 2000இல் வெளியிட்ட ஆய்வொன்றில், அதுவரை மருந்தே குடிக்காத 470 பேரைப் பின்தொடர்ந்தார்கள். முதல் மருந்திலேயே 47 வீதமானோருக்கு வலிப்பு நின்றது. இரண்டாவது மருந்தில் இன்னும் 13 வீதம். மூன்றாவதுக்குப் போனபோது நின்றது வெறும் ஒரு வீதம். இதிலிருந்து விளங்குவது, முதல் இரண்டு மருந்துகளும் பொருத்தமாக அமைவதில்தான் எல்லாம் இருக்கிறது என்பதுதான். பொருத்தமான இரண்டு மருந்துகளைப் போதிய அளவில் ஒழுங்காகக் குடித்தும் நிற்கவில்லை என்றால் அதே கிளினிக்கில் வருஷக்கணக்காக அதே குளிசையை வாங்கிக்கொண்டிருக்காமல், கண்டியிலோ கொழும்பிலோ நரம்பியல் வைத்திய நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். எம்.ஆர்.ஐ. படத்தில் மூளையின் பொட்டுப் பகுதியில் ஒரு வடு தெரிந்தால் அறுவைச் சிகிச்சையால் விடுதலை அடைபவர்கள் உண்டு.

ஆனால் மருந்து கேட்கவில்லை என்று முடிவுகட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. குளிசை தவறியதா, ஈரம் பட்டதா, வகை தவறிப்போனதா, அளவு போதாமல் இருந்ததா? வந்தது வலிப்புத்தானா, வெறும் மயக்கமா? வெயிலில் மலையில் நின்று, காலையில் ஒன்றும் சாப்பிடாமல், முகம் வெளிறி வியர்த்துத் துவண்டு விழுந்து அரை நிமிஷத்தில் தெளிந்தால் அது பெரும்பாலும் மயக்கம். மயக்கத்திலும் கைகால் நாலைந்து தடவை உதறலாம். நாக்கின் ஓரம் கடிபட்டு, தெளிய அரை மணி நேரம் பிடித்து, உடம்பெல்லாம் அடித்துப்போட்டாற்போல் வலித்தால் வலிப்பென்று சந்தேகிக்க வேண்டும்.

நிறுத்துவதற்கு வருவோம். பொதுவாகச் சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டு வருஷம், பெரியவர்களுக்கு இரண்டிலிருந்து ஐந்து வருஷம் ஒரு வலிப்பும் இல்லாமல் கழிந்த பிறகுதான் அந்தப் பேச்சையே எடுப்பார்கள். பிரித்தானியாவில் 1991இல் வெளிவந்த பெரிய ஆய்வில், குறைந்தது இரண்டு வருஷம் வலிப்பில்லாத 1013 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். மருந்தைத் தொடர்ந்தவர்களில் அடுத்த இரண்டு வருஷத்தில் 78 வீதமானோர் நலமாக இருந்தார்கள், மெதுவாக நிறுத்தியவர்களில் 59 வீதமானோர். நிறுத்தியவர்களில் பாதிக்கு மேல் தப்பினார்கள், ஆனால் பத்தில் நாலு பேருக்குத் திரும்ப வந்தது. அந்தப் பத்தில் யார் அந்த நாலு? மூளையில் வடு உள்ளவர்கள், ஈ.ஈ.ஜி. இன்னும் கோணலாக இருப்பவர்கள், ஒன்றுக்கு மேற்பட்ட மருந்து தேவைப்பட்டவர்கள், இளம்பருவத் தசைவெட்டு வகையினர்.

இந்தக் கடைசி வகை மருந்துக்கு மிக நன்றாகக் கேட்கும், ஆனால் நிறுத்தினால் பெரும்பாலானோருக்குத் திரும்பிவிடும். தங்கச்சிக்கு இதுதான் என்றால், அடுத்த பல வருஷங்களுக்குக் குளிசை உண்டு என்று மனதைத் தயார்படுத்திக்கொள்வது நல்லது. நடுவயதுக்கு மேல் சிறிய அளவிலேயே அடங்கி நிற்பவர்களும், சிலர் வைத்தியர் பார்வையில் நிறுத்தியவர்களும் உண்டு. வேறு வகைகளில் கதை வேறு. நாலு முதல் பத்து வயதுக்குள் தூக்கத்தில் வாயோரம் இழுத்து எச்சில் வடியும் வகை 16 வயதுக்குள் தானாகவே போய்விடும். வகுப்பில் பத்து விநாடி வெறித்துப் பார்த்து நிற்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோரும் வளரும்போது அதிலிருந்து வெளியே வந்துவிடுவார்கள். காய்ச்சலில் மட்டும், ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் வரும் இழுப்பு இந்தக் கணக்கிலேயே சேராது. அதற்குத் தினமும் குளிசை தேவையில்லை. லயத்தில் ஒரு வீட்டுப் பிள்ளைக்கு இரண்டு வருஷத்தில் நிறுத்தினார்கள் என்பதை வைத்து இன்னொரு வீட்டில் நிறுத்துவது இதனால்தான் தவறு.

நிறுத்தும்போதும் ஒரே நாளில் அல்ல. குறைந்தது இரண்டு மூன்று மாதம் இழுத்து, ஒவ்வொரு இரண்டு நாலு கிழமைக்கும் ஒரு படி இறக்குவார்கள். பீனோபார்பிட்டோன், குளோபசாம் இரண்டையும் அதைவிட மெதுவாக, ஆறு மாதமும் அதற்கு மேலும் எடுத்துக்கொண்டு. இறக்கும் காலத்திலும் அதன் பிறகு ஆறு மாதமும் ஆபத்து அதிகம். அந்தக் காலத்தில் கவ்வாத்து வேலை, மரத்தில் ஏறுவது, மோட்டார் சைக்கிள் எல்லாம் நிறுத்தி வைக்க வேண்டும். பரீட்சைக்கோ கலியாணத்துக்கோ முந்திய மாதத்தில் இறக்கத் தொடங்கக் கூடாது.

கலியாணம், பிள்ளை. வலிப்பு உள்ள பெண்களுக்குப் பிறக்கும் குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் குறையில்லாமல் பிறக்கின்றன. மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைத்துக் கட்டிவைப்பதுதான் ஆபத்து, புகுந்த வீட்டில் குளிசையை ஒளித்துக் குடிக்கப்போய் விட்டுவிடுவார்கள். கர்ப்பம் தரிப்பதற்கு மூன்று மாதம் முன்பே வைத்தியரிடம் சொல்லி மருந்தை ஒழுங்குபடுத்திக்கொண்டு, போலிக் அமிலம் நாளுக்கு 5 மி.கி. தொடங்கி முதல் 12 கிழமை வரை எடுக்க வேண்டும். தள்ளிப்போனது தெரிந்ததும் பயந்து குளிசையை நிறுத்துவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. அந்த நேரம் பெரிய வலிப்பு வந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் சேர்த்து ஆபத்து. லாமோட்ரிஜின், லெவெட்டிரசெட்டம் இரண்டின் அளவும் கர்ப்பத்தில் இரத்தத்தில் இறங்கும், கூட்ட வேண்டி வரும். தாய்ப்பால் கொடுக்கலாம். பால் கொடுக்கும்போது பாயில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கொடுக்கட்டும். பிள்ளையை ஆள் இல்லாமல் குளிப்பாட்ட வேண்டாம்.

குடும்பக் கட்டுப்பாட்டில் தோட்டங்களில் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்றுண்டு. கார்பமசெபின், பெனிடோயின், பீனோபார்பிட்டோன், கூடுதல் அளவில் டோபிரமேட் ஆகியவை கருத்தடைக் குளிசையையும் கையில் தோலுக்கடியில் வைக்கும் குச்சியையும் செயலிழக்கச் செய்யும். "குச்சி வைத்தும் தங்கிவிட்டது" என்பதற்கு இது ஒரு காரணம். மூன்று மாத ஊசியும் லூப்பும் பாதிக்கப்படுவதில்லை. லாமோட்ரிஜின் குடிப்பவர் கருத்தடைக் குளிசை தொடங்கினால் தலைகீழாக லாமோட்ரிஜின் குறைந்து வலிப்பு வரலாம். மிட்வைப் மிஸ்ஸிடம் போகும்போது கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

மருந்தைப்போலவே தூக்கமும் ஒரு மருந்துதான், தசைவெட்டு வகையில் அது இன்னும் உண்மை. மாசி மாதத்துக் காமன் கூத்தை விடிய விடியப் பார்ப்பது, திருவிழாவில் கண்விழிப்பது, சிவனொளிபாத மலைக்கு இரவோடு இரவாக ஏறுவது எல்லாம் இவளைத் தடுக்கி விழுத்தும் கற்கள். போகவே கூடாது என்பதல்ல. கூத்தைப் பத்து மணி வரை பார்த்துவிட்டு வந்து படுக்கட்டும். மலைக்குப் பகலில் ஏறட்டும், இரவுக் குளிசை பையில் இருக்கட்டும். விரதம் இருந்தாலும் குளிசைக்கு விரதம் இல்லை. வீட்டில் ஆண்களுக்கு வலிப்பிருந்தால், சம்பள நாளில் கூடக் குடித்துவிட்டு நிறுத்தும்போதுதான், நிறுத்திய ஆறு மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள், வலிப்பு வரும் என்பதையும் தெரிந்திருங்கள்.

வீட்டில் முதலில் திருத்த வேண்டியது அடுப்பு. வலிப்பில் ஆளைக் கெடுப்பதில் தீக்காயத்துக்குப் பெரிய பங்குண்டு. தரையடுப்பாக இருந்தால் இடுப்பு உயரத்துக்கு மேடை கட்டி, முன்பக்கம் ஒரு சாண் உயரத்துக்கு மண்ணோ செங்கல்லோ தடுப்பு வைக்கலாம். கொதிக்கும் பானையை அவள் தூக்க வேண்டாம், பாத்திரத்தை அடுப்படிக்குக் கொண்டுபோய் அகப்பையால் அள்ளட்டும். குளியல் பீலியில், ஆளோடு. ஆறு, குளம் தனியாக வேண்டாம். காம்பராவில் குளித்தால் கதவுக்குக் கொண்டி போடாமல் இருக்கட்டும். கொழுந்து எடுக்கப் போகலாம், சரிவான மலையில் ஓரத்து நிரை மட்டும் வேண்டாம் என்று கங்காணியிடம் பேசி வாங்குங்கள். பேக்டரியில் ரோலர் பக்கமும் இரவு வேலையும் வேண்டாம். வைத்தியர் சம்மதம் தரும் வரை, பொதுவாக ஒரு வருஷம் வலிப்பில்லாமல் கழியும் வரை, எந்த வண்டியும் ஓட்டக் கூடாது.

வந்துவிட்டால்: நேரத்தைப் பாருங்கள். சுற்றியுள்ள கத்தி, கல், நெருப்பைத் தள்ளுங்கள், தலைக்கடியில் மடித்த துணி, கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள். உதறல் நின்றதும் ஒரு பக்கமாகத் திருப்பிப் படுக்க வையுங்கள். கையில் இரும்பு, சாவிக்கொத்து கொடுப்பதால் ஒன்றும் ஆகாது, அது தானாக நிற்கும் நேரத்தில் கொடுத்ததால்தான் இரும்பு நிறுத்தியதாகத் தெரிகிறது. வாயில் கரண்டி, தண்ணீர், குளிசை எதுவும் வேண்டாம், பல் உடையும், மூச்சில் போய் அடைக்கும். ஐந்து நிமிஷம் தாண்டினால், தெளியாமல் அடுத்தது வந்தால், தண்ணீரில் விழுந்திருந்தால், கர்ப்பிணியாக இருந்தால் 1990க்கு எடுங்கள். அம்புலன்ஸ் இலவசம். லயம் வரை பாதை மோசமென்றால் கூப்பிடும்போதே எந்தச் சந்தி வரை வரலாம் என்று சொல்லுங்கள்.

இதையும் மறைக்கக் கூடாது: பெரிய வலிப்பு அடங்காமல் இருப்பவர்களில், பெரும்பாலும் இரவுத் தூக்கத்தில், திடீர் மரணம் நேர்வதுண்டு. வலிப்புள்ள பெரியவர்களில் வருஷத்துக்கு ஆயிரத்தில் ஒருவர் என்பது கணக்கு. வலிப்பு முழுதாக அடங்கியவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. இரவுக் குளிசையை விடாதே என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவே பெரிய காரணம். தங்கச்சி அதே அறையில் யாராவது படுக்கும் இடத்தில் தூங்கட்டும்.

பார்மசியில் வேறு மருந்து வாங்கும்போது வலிப்புக் குளிசையின் பெயரைச் சொல்ல வேண்டும். எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்துகள் கார்பமசெபினை இரத்தத்தில் ஏற்றித் தலைசுற்ற வைக்கும். சிப்ரோபுளொக்சசின் என்ற கிருமிக்கொல்லி, டிரமடோல் என்ற வலி மருந்து இரண்டும் வலிப்பைத் தூண்டக்கூடும். காசநோய் மருந்து தொடங்கினால் வலிப்பு மருந்தின் அளவைத் திரும்பப் பார்க்க வேண்டும். காய்ச்சல், தலைவலிக்குப் பனடோல் போதும். சளிக்கென்று யூக்கலிப்டஸ் தைலத்தையோ கற்பூரத்தையோ உள்ளே விழுங்கக் கொடுக்கக் கூடாது, இரண்டும் நல்ல ஆளுக்கே வலிப்பைக் கொண்டுவரும். கோயிலில் நூல் கட்டுவது உங்கள் விருப்பம், அதற்காகக் குளிசையை ஒரு வேளை நிறுத்தச் சொன்னால் மட்டும் கேட்க வேண்டாம்.

ஒரு வேளை மறந்தால்: காலை, இரவு என்று இரண்டு வேளை குடிப்பவர் ஆறு மணி நேரத்துக்குள் நினைவு வந்தால் உடனே குடிக்கலாம். அதைத் தாண்டினால் விட்டுவிட்டு அடுத்த வேளையை வழமைபோல. இரண்டை ஒன்றாகப் போடக் கூடாது. குடித்த கால் மணி நேரத்துக்குள் வாந்தியில் குளிசை முழுதாக வந்தால் திரும்பக் குடிக்கலாம்.

அந்த மூன்று நாள் திரும்ப வராமல் இருக்க, கையிருப்பு வேண்டும். அடுத்த கிளினிக்கில் நிலைமையைச் சொல்லி, வழமையாகத் தருவதற்கு மேல் பத்து நாளுக்கு எழுதித் தரக் கேளுங்கள். குளிசை அங்கே கிடைக்காவிட்டால், எழுதித் தந்த மருந்துத் துண்டைக் கொண்டு அரச மருந்துக் கடையான ஒசுசலவில் வாங்கலாம். அந்தப் பத்து நாள் குளிசையைத் தனிப் போத்தலில் போட்டு, மாதா மாதம் புதியது வரும்போது பழையதைக் குடித்துப் புதியதை நிரப்புங்கள். கிளினிக் கொப்பியின் மருந்துப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வையுங்கள். வீதி உடைந்தால் தோட்டத்து டிஸ்பென்சரியிலோ பக்கத்து அரச வைத்தியசாலையிலோ அந்தப் படத்தைக் காட்டி இரண்டு நாளுக்காவது வாங்க முடியும். நிறமோ வடிவமோ மாறிய குளிசை வந்தால் பெயரும் மி.கி.யும் அதேதானா என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். இந்த முறை கிளினிக்குக்குப் போகும்போது ஒரு கலண்டரில் கை வெட்டிய காலைகளையும் முதல்நாள் எத்தனை மணிக்குத் தூங்கினாள் என்பதையும் குறித்துக்கொண்டு போங்கள், வீடியோவையும் காட்டுங்கள்.